இருட்டறையில் தெரிந்த முகம்

ஐப்பசி மழை நாஞ்சில் நாட்டு வயல்களை நனைக்கத் தொடங்கும் நாள்களில், எங்கள் கடலோர ஊரிலுள்ள என் சிறிய நிழற்பட நிலையத்திற்கு ஒருசாரார் ஆண்டுதோறும் வருவர். திருமணத்திற்கோ கடவுச்சீட்டிற்கோ படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் அல்லர். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது அருகில் வைப்பதற்கும், வீட்டில் மாலை சூட்டுவதற்கும் மறைந்தோரின் படங்களைப் புதுப்பிக்க வருபவர்கள். செய்தித்தாளில் பொதிந்து, முந்தானையில் மறைத்து, மழைபடாமல் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். சில படங்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நேற்று எடுத்தவை போல விளங்கும். சில படங்கள் பத்தே ஆண்டுகளில் மஞ்சளித்து, முகம் எது, சுவர் எது என்று அறிய முடியாதபடி வெளிறிக் கிடக்கும். "ஏன் இப்படி?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் மனம் ஒரு பழைய நிகழ்ச்சியிடம் போய் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் இத்தொழிலுக்கு வந்தது 1974-இல். அப்போது எனக்கு வயது பதினாறு. நாகர்கோவிலில் நிழற்பட நிலையம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் என் தந்தையார் என்னைச் சேர்த்துவிட்டார். அவரை நாங்கள் 'ஆசான்' என்றே அழைப்போம். முதல் ஆறு மாதம் கேமராவைத் தொட விடவில்லை. தட்டுகளைக் கழுவுவதும், தண்ணீர் சுமப்பதும், உலர்ந்த படங்களின் ஓரத்தை வெட்டுவதுமே என் வேலை. ஒருநாள் மாலை என்னை இருட்டறைக்குள் அழைத்துக் கதவை அடைத்தார். சிவப்பு விளக்கொன்று மங்கலாய் எரிந்தது. உருப்பெருக்கியில் நெகட்டிவை வைத்து, வெள்ளைத் தாளொன்றின்மேல் சில நொடிகள் ஒளியைப் பாய்ச்சினார். தாளில் ஒன்றுமே தெரியவில்லை. அதை டெவலப்பர் ஊற்றிய தட்டில் மெல்ல அமிழ்த்தி, "இனி மூச்சுவிடாமல் பார்" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெற்றுத் தாளில் புருவம் தோன்றிற்று, பிறகு கண்கள், பிறகு ஒரு கிழவரின் முகம் முழுவதும் நீருக்குள்ளிருந்து எழுந்து என்னைப் பார்த்தது. அந்த வியப்பு இன்றளவும் எனக்குத் தீரவில்லை.

அதன் உட்பொருளை ஆசான் எளிமையாக விளக்கினார். தாளின்மேல் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் பதிந்திருக்கின்றன. ஒளிபட்ட மணிகளை டெவலப்பர் கருநிற வெள்ளியாக மாற்றுகிறது. அமிலநீர்த் தட்டு அந்த மாற்றத்தை நிறுத்துகிறது. ஒளிபடாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. வெள்ளி உப்புகளைக் கரைக்கும் இந்த ஆற்றலை ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1819-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். 1839-இல் நிழற்படக் கலை பிறந்தபோது அதுவே படங்களை நிலைநிறுத்தும் மருந்தாயிற்று. இறுதியில், ஓடும் நீரில் ஒரு மணி நேரமாவது கழுவவேண்டும். "கழுவாத படம் உன் கண்ணுக்கு அழகாயிருக்கும், உன் மகன் காலத்தில் மஞ்சளாகும்" என்பது ஆசானின் எச்சரிக்கை. தாளில் தங்கிவிடும் ஹைப்போ மெல்ல மெல்ல வெள்ளியை அரித்துவிடும் என்பதே அதன் பொருள்.

இருட்டறை என்றதும் கத்தோலிக்க மக்களாகிய நமக்கு நினைவுக்கு வரவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1898-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இரவு, இத்தாலியின் டூரின் நகரில் செகோந்தோ பியா என்னும் வழக்கறிஞர், திருத்துணியைத் தாம் எடுத்த கண்ணாடித் தகட்டை இருட்டறையில் டெவலப் செய்தார். துணியில் மங்கலாய்த் தெரிந்த உருவம், எதிர்ப்படமாகிய தகட்டில் தெளிவான திருமுகமாக எழுந்தது. கைந்நடுங்கி, தகட்டை நழுவவிட இருந்தார் என்பர். அத்துணியின் வரலாற்றைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் கண்ணுக்கு அகப்படாத ஒரு முகம் இருட்டறையில் வெளிப்படுவதென்றால் என்ன என்பதை அந்த இரவு உலகுக்குக் காட்டிற்று.

1982-இல் எங்கள் ஊரிலேயே தனியாக நிலையம் தொடங்கினேன். அந்நாளில் எனக்குப் படச்சுருளும் தாளும் நம் தமிழகத்திலிருந்தே கிடைத்தன. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் அவற்றைத் தயாரித்தது. மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே சுருளும் அங்கிருந்து வந்தது. வண்ணப்படம் பரவியபோது தளர்ந்து, டிஜிட்டல் வந்தபோது எழமுடியாமல், அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. நீலகிரியின் குளிர்க்காற்றில் பூசப்பட்ட தாளில் நாஞ்சில் நாட்டின் எத்தனை புதுநன்மைக் குழந்தைகள், எத்தனை மணமக்கள், சவப்பெட்டியைச் சுற்றி நின்ற எத்தனை குடும்பங்கள் பதிந்திருக்கின்றன!

ஆனால் பழைய தொழிலை நான் பொன்னாக்கிப் பேசப்போவதில்லை. டெவலப்பரில் கலந்த மெட்டால் என் விரல்களில் வெடிப்பை உண்டாக்கிற்று. நகங்கள் எப்போதும் பழுப்பேறியிருக்கும். கோடையில் கரைசல் சூடேறிப் படங்கள் கெடும். மழைக்காலத்தில் நெகட்டிவ்களில் பூஞ்சை படரும். 1980-களில் நாமெல்லோரும் ஆசையோடு எடுத்த வண்ணப்படங்களை எடுத்துப் பாருங்கள். மணமகளின் பச்சைப் புடவை பழுப்பாகி, எல்லா முகங்களும் செம்மண் பூசியதுபோல் மாறியிருக்கும். அவையும் இருட்டில் பிறந்தவைதாம். அவற்றில் இறுதியில் நிற்பது வெள்ளியன்று, சாயம். சாயம் வெளுக்கத்தானே செய்யும்?

ஆகவே, 2003-இல் என் மகன் டிஜிட்டல் கேமராவும் கணினியும் இங்க்ஜெட் அச்சுப்பொறியும் வாங்கவேண்டும் என்று சொன்னபோது நான் பெரிதாக எதிர்க்கவில்லை. "அப்பா, காலையில் எடுத்த படத்தை உடனே கையில் கொடுத்துவிடலாம். சுருள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்" என்றான். கடனெடுத்து வாங்கினோம். தலைமயிரினும் நுண்ணிய துளைகள் வழியாக மைத்துளிகள் தாளின்மேல் தெறித்தன. அவற்றைப் பிக்கோலிட்டர் என்னும் அளவால் அளக்கிறார்கள். ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கண்முன்னே படம் வரிவரியாக வெளிவந்தபோது நானும் வியந்தேன். மலிவாகக் கிடைத்த மையையே வாங்கிப் பயன்படுத்தினோம். அது சாய மை என்பதையோ, சாய மையின் இயல்பு என்னவென்பதையோ நான் கேட்டறியவில்லை.

2004 ஆகஸ்டு 15. எங்கள் பங்கில் அன்னையின் விண்ணேற்புத் திருவிழா. ஒரு மூதாட்டி தம் பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். பத்து வயதுப் பையன், புதுச்சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. அவன் தந்தை கடலுக்குச் செல்பவர். டிஜிட்டல் கேமராவில் படமெடுத்து, அரைமணி நேரத்தில் அச்சிட்டுக் கொடுத்தோம். மூதாட்டி மகிழ்ந்து போனார். அன்று மாலையே, கேமராவின் நினைவு அட்டையில் இடம் வேண்டுமென்று, அச்சிட்ட படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டேன். நினைவு அட்டையின் விலை அப்போது அதிகம். நெகட்டிவ் என்றால் பெட்டியில் தானாகவே தங்கியிருக்கும். எறிவதற்கு மனம் வராது. அழிப்பதற்கோ ஒரு விரல் போதுமாயிருந்தது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை குளச்சலிலும், கொட்டில்பாட்டிலும், மணக்குடியிலும், நம் கடற்கரை நெடுகிலும் நிகழ்ந்ததை இம்மாவட்டத்தவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் நண்பர்களோடு கடற்கரைக்கு விளையாடச் சென்றிருந்தான். மாலைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அத்தனை அடக்கங்களுக்கு நடுவே படமெடுக்க யாருக்கு நினைவிருக்கும்? எனக்கும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த மூதாட்டி என் கடைக்கு வந்தார். கையில் ஒரு சாக்குப்பை. அதில் கடல்நீரும் சேறும் குடித்த படங்கள். என்ன செய்வதென்று ஆசான் எப்போதோ சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உலரவிட்டால் ஜெலட்டின் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க இயலாது. எனவே ஈரமாகவே தட்டுகளில் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாகப் பிரித்து, பூச்சின்மேல் விரல்படாமல் கழுவினேன். அவர் கணவரின் படம், 1960-களில் எடுத்தது, சேறு நீங்கியதும் அப்படியே தெளிந்தது. அவருடைய திருமணப் படமும் பிழைத்தது. உண்மையில் வெள்ளிப் படத்திற்கு உப்புநீர் உடனடிப் பகையன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் பணியாற்றிய நிழற்படக்காரர்கள் நன்னீர் இல்லாமல் கடல்நீரில் படங்களைக் கழுவினார்கள்; அப்படிக் கழுவியவற்றில் ஹைப்போ விரைவாக நீங்கியிருந்ததைப் பின்னர் கண்டார்கள். உப்பு தாளில் தங்கிவிடாமல் கடைசியில் நன்னீரில் அலசவேண்டும், அவ்வளவே.

பையின் அடியில் ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் இட்டேன். இளஞ்சிவப்பும் நீலமும் புகைபோல் எழுந்து நீரில் கலந்தன. எஞ்சியது வெள்ளைத் தாளும், ஒரு மூலையில் சட்டையின் நிறக்கறையுமே. ஆகஸ்டு 15 அன்று நான் கொடுத்த படம் அது.

மூதாட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து நோக்கி, "மக்களே, எனக்க பேரனுக்க மொகம் எங்க?" என்று கேட்டார்.

எனக்கு விடையில்லை. முதன்முதலாக ஆசானிடம் நான் கண்டது, ஒன்றுமில்லாத தாளில் முகம் எழுவதை. அன்று நான் கண்டது, முகம் இருந்த தாள் ஒன்றுமில்லாததாய்ப் போவதை. அதே தட்டு; அதே தண்ணீர். "கணினியில் இருக்கும், தேடித் தருகிறேன் அம்மா" என்று பொய் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். இதுநாள்வரை என் ஒப்புரவில் மட்டுமே சொல்லியிருந்த பொய் அது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திடீரென நினைவு வந்தது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் புதுநன்மை பெற்ற குழந்தைகளைக் கோவில் வாயிலில் நிறுத்திக் குழுப்படம் எடுத்தது சுருளில் அல்லவா! அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் பெட்டி நனையவில்லை. உறைகளைத் தேடியெடுத்தேன். நாற்பது குழந்தைகள், நான்கு வரிசை. மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அவன் நின்றான். நெகட்டிவில் அவன் முகம் அரிசிக் குருணை அளவுகூட இல்லை.

நகரத்து வண்ண ஆய்வகத்திற்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் என் கையால் அழித்ததை என் கையாலேயே மீட்கவேண்டும் என்று தோன்றிற்று. பல மாதங்களாகத் திறக்காத இருட்டறையைத் துடைத்தேன். எஞ்சியிருந்த புரோமைடு தாள்களில் கடினத் தரத் தாள் ஒரு சிறு பெட்டி இருந்தது. வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் ஒளியைத் தடுப்பதால் நொடிக் கணக்கில் முடிய வேண்டியது நிமிடக் கணக்காகும். மென்தாளில் படம் சாம்பலாய்ப் போகும். உருப்பெருக்கியின் தலையைத் திருப்பி, மேசைக்கு அப்பால் தரையில் ஒளி விழும்படி வைத்து, அந்தக் குருணையை உள்ளங்கை அளவாக்கினேன். முதல் தாள் கருத்தது. இரண்டாவது வெளிறிற்று. ஐந்தாவது தாளில், சிவப்பு விளக்கின் கீழ், எண்ணெய் வாரிய அந்தத் தலையும், சிரிப்பை அடக்கிய உதடுகளும் மணல்மணிகளால் செய்ததுபோல் எழுந்தன. தட்டின்மேல் குனிந்து நான் அழுதேன்.

மூதாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெளிவில்லாத படம் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "மூக்கு அவன் அப்பனுக்க மூக்குதான். இது போதும் மக்களே" என்றார். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. திருஇருதய ஆண்டவர் படத்தின் அடியில் அந்தப் பேரன் இன்னும் இருக்கிறான், மஞ்சளிக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குமேல் கழுவிய படம் அது.

இத்தோடு முடித்திருந்தால், பழையதே நல்லது, புதியதே தீது என்று எண்ணிக்கொண்டே நான் முதுமையை அடைந்திருப்பேன். அந்த எண்ணத்தையும் ஒரு புயல் திருத்திற்று. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கிப் புயல் நம் ஆழ்கடல் மீனவர்களை வாரிக்கொண்டுபோனது. பல குடும்பங்களுக்கு உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யக் கல்லறையும் இல்லை. ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவளிடம் இருந்தது கைப்பேசியில் ஒரு படம். அதுவும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. படகின் மேல்தளத்தில், பாதி முகத்தில் வெயிலும் பாதியில் நிழலுமாக, கணவன் நின்றுகொண்டிருந்தான். நெகட்டிவ் இல்லை. என் இருட்டறையால் அவளுக்கு ஒரு பயனுமில்லை.

என் மகன் அன்றிரவு முழுவதும் கணினியின்முன் அமர்ந்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். நிழலில் கிடந்த கண்ணை மெல்ல வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தான். வெயில் வெளுத்த நெற்றிக்குச் சற்று அடர்த்தி சேர்த்தான். உருப்பெருக்கியின் ஒளிக்கற்றைக்குக் குறுக்கே நான் கையை அசைத்து மறைப்பதும் விடுவதும் இதே வேலைதானே! புருவத்தின்மேல் ஒரு தழும்பு இருந்தது. "அதையும் நீக்கிவிடேன்" என்றேன். "வேண்டாம் அப்பா. அதை எடுத்துவிட்டால் இவன் அவளுடைய கணவன் இல்லை" என்றான். நாற்பது ஆண்டுத் தொழிலில் நான் கற்றதை அவன் தானே கற்றிருந்தான்.

அதை அச்சிட்டது சாய மையில் அன்று, நிறமி மையில். இந்த வேறுபாட்டை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சாயம் என்பது நீரில் கரைந்த சர்க்கரை போன்றது. நீர் பட்டால் மீண்டும் கரையும், வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெளிறும். நிறமி என்பது நீரில் கலக்கிய சுண்ணாம்பு போன்றது. கரையாது, துகளாகவே தாளில் படிந்து நிற்கும். வீட்டு உபயோகப் படப் பொறிகளில் நிறமி மை 2000-ஆம் ஆண்டளவில் வரத்தொடங்கிற்று. நல்ல தாளில், கண்ணாடிச் சட்டத்திற்குள் வைத்தால், பல தலைமுறை நிற்கும் என்பது ஆய்வகச் சோதனைகளின் கணிப்பு. வெள்ளிப் படத்திற்கோ நூறாண்டுக்கு மேற்பட்ட கண்கூடான சான்றுண்டு. ஒன்று சான்று, மற்றது கணிப்பு. ஆயினும் மலிவான சாய மையோடு நல்ல நிறமி மையைச் சேர்த்துப் பழிப்பது அறியாமை.

அன்று என்னை ஏமாற்றியது பொறியன்று. கேட்டறியாமல் மலிவு மையை வாங்கியவன் நான். படத்தை அழித்ததும் என் விரலே. அவசரமும் சிக்கனமும் சேர்ந்தால் எந்தக் கருவியும் துரோகம் செய்யும். கழுவாத வெள்ளிப் படமும் மஞ்சளித்துப் போகும். பேணிய டிஜிட்டல் படமும் வாழும்.

குடும்பத்தார்க்கு இத்தொழிலாளியின் சில வேண்டுகோள்கள். பழைய படங்களைப் பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி மூடாதீர்கள். பிறகு அதைப் பிரிக்க இயலாது. கண்ணாடியின்மேல் படம் நேரடியாக ஒட்டாதபடி இடையில் அட்டைச் சட்டம் வையுங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் இரண்டும் பிணைந்துவிடும். வெயில் விழும் சுவரிலும், சமையலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். பின்புறத்தில் மென்பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முகம் இருந்தும் பெயர் இல்லாமல் போகும் படங்கள் என்னிடம் எத்தனையோ வருகின்றன. நெகட்டிவ்களை எறியாதீர்கள். கைப்பேசியில் மட்டும் வாழும் படம் கைப்பேசியோடு போய்விடும். முக்கியமான படங்களை வெவ்வேறு வீடுகளில் இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்து, நிறமி மையில் அச்சிட்டு வையுங்கள். கடலை நம்பி வாழும் வீடுகளுக்கு இதை இருமுறை சொல்வேன்.

என் இருட்டறை இப்போது பெட்டிகள் அடுக்கும் அறையாகிவிட்டது. சிவப்பு விளக்கை மட்டும் கழற்றவில்லை. மாலை நேரங்களில் நானும் மகனும் அங்கே அமர்கிறோம். நான் பழைய நெகட்டிவ்களின் தூசியைத் துடைத்துக் கொடுக்கிறேன். அவன் அவற்றைக் கணினியில் ஏற்றுகிறான். 1980-கள் முடிந்து, இப்போது 1991-இல் இருக்கிறோம். என் நினைவு தங்கியிருக்கும்போதே உறைகளின்மேல் பெயர்களை எழுதிவிட வேண்டும் என்று விரைகிறேன். இவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்னும் யாரேனும் ஒரு தாய் வந்து, "முகம் எங்கே?" என்று கேட்கக்கூடும். அப்போது, "இருங்கள் அம்மா" என்று சொல்லி, பெட்டியைத் திறக்க என்னால் இயலவேண்டும்.